வரத்து உள்ள அணியும் வரத்து நின்ற அணியும்

ரக்பிக்கும் காவிரிப் படுகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரடியாக ஒன்றும் இல்லை. சுவாமிமலையில் யாரும் அந்த முட்டை வடிவப் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடியதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சுற்றிவந்தால் ஒரு சம்பந்தம் கிடைக்கிறது. நம் ஆறுகளுக்கு மதகு வைத்து, வாய்க்கால்களுக்கு மட்டம் பார்த்து, கணக்கு எழுதிவந்த பொதுப்பணித்துறைக்கு ஆள் தயார்செய்து அனுப்புவதற்கென்றே இங்கிலாந்தில் ஒரு கல்லூரி இருந்தது. பெயர் ராயல் இந்தியன் எஞ்சினியரிங் காலேஜ். அது இருந்த குன்றின் பெயரால் எல்லோரும் கூப்பர்ஸ் ஹில் என்றே சொன்னார்கள். அங்கே படித்த பையன்கள் 1870களில் பேர்சொல்லும்படி ரக்பி ஆடினார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில், அவர்களைப் போன்றவர்கள் கப்பலில் வந்து இறங்கிய கல்கத்தாவிலும் ஒரு ரக்பி அணி உருவானது.

இரண்டும் இந்தியாவைச் சார்ந்து பிறந்த அணிகள். ஒன்று இந்தியாவுக்குப் புறப்படுகிறவர்களின் அணி, மற்றது வந்து சேர்ந்தவர்களின் அணி. கல்லூரி 1906 வரை நடந்தது. கல்கத்தா அணி 5 ஆண்டில் கணக்கை முடித்துக்கொண்டது. ஆனால் கல்கத்தாவின் பெயரை இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் உச்சரிக்கிறார்கள், கூப்பர்ஸ் ஹில் என்றால் ரக்பிக்காரர்களுக்கே தெரிவதில்லை. இந்தத் தலைகீழ்க் கணக்குதான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டியது.

முதலில் கல்லூரியின் பூர்வீகம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் பீரங்கிப்படைக்கும் எஞ்சினியர் படைக்கும் அதிகாரிகளைத் தயாரிக்க லண்டனுக்குத் தெற்கே ஆடிஸ்கோம் என்ற இடத்தில் 1809இல் ஒரு ராணுவக் கல்லூரியைத் தொடங்கியது. அங்கே படித்து 1819இல் சென்னை எஞ்சினியர் படையில் சேர்ந்தவர்தான் ஆர்தர் காட்டன். 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பிலும், கீழே அணைக்கரையிலும் அவர் கட்டிய அணைகளைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டன் ஆடிஸ்கோமில் படித்த நாளில் ரக்பி என்று எழுதிவைத்த ஆட்டமே கிடையாது. ரக்பி பள்ளிக்கூடத்துப் பையன்கள் தங்கள் ஆட்டத்துக்கு விதிகளை எழுதியது 1845இல்தான்.

1857க்குப் பிறகு கம்பெனி போனது, 1861இல் ஆடிஸ்கோமும் மூடப்பட்டது. ஆனால் வேலை குறையவில்லை, கூடியது. ரயில்பாதை, கால்வாய், சாலை, பாலம் என்று எல்லா மாகாணங்களும் எஞ்சினியர் கேட்டன. ஊலிச்சில் இருந்த ராணுவ அகாடமியில் படித்து, சேத்தமில் பயிற்சி முடித்து வரும் ராயல் எஞ்சினியர்ஸ் அதிகாரிகள் மட்டும் போதவில்லை. அப்போது வங்காள எஞ்சினியர் படையின் கர்னல் ஜார்ஜ் செஸ்னி ஒரு யோசனை சொன்னார்: இந்தியாவுக்கென்றே தனிக் கல்லூரி. அவரும் ஆடிஸ்கோம் மாணவர், 1857இல் டெல்லி முற்றுகையில் காயம்பட்டவர். 1871இல் ‘டோர்க்கிங் போர்’ என்ற கற்பனைப் படையெடுப்புக் கதையை எழுதி இங்கிலாந்தையே கலக்கியவரும் இதே செஸ்னிதான். கதையும் கல்லூரியும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தன.

தேம்ஸ் நதிக்கரையில், 1215இல் மேக்னா கார்ட்டா முத்திரையிடப்பட்ட ரன்னிமீட் புல்வெளியின் மேலே இருக்கிறது கூப்பர்ஸ் ஹில். ஒரு பணக்காரரின் மாளிகையை அரசாங்கம் வாங்கி அங்கே கல்லூரியை நடத்தியது. போட்டித் தேர்வு எழுதி உள்ளே வர வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பு, ஆண்டுக்கு 150 பவுன் கட்டணம். தேறியவருக்கு இந்தியப் பொதுப்பணித்துறையில் வேலை உறுதி. பெயருக்குச் சிவில் கல்லூரி. ஆனால் தலைவர் ராணுவ அதிகாரி, தங்குமிடமும் ஒழுங்குமுறையும் பாதி ராணுவ அகாடமி. செஸ்னி தான் படித்த ஆடிஸ்கோமைத்தான் சட்டை மாற்றி மறுபடி நிறுத்தினார் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவர் ராணுவக்காரர், பையன்கள் 18 முதல் 22 வயது, எல்லோரும் பப்ளிக் ஸ்கூலில் கால்பந்து ஆடிப் பழகியவர்கள். அணி உருவாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அன்றைய ஆட்டம் இன்று நாம் தொலைக்காட்சியில் பார்க்கிற ரக்பி அல்ல. ஒரு பக்கத்துக்கு 20 பேர். அதில் பெரும்பாலோர் முன்வரிசை. ஒருவரையொருவர் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு, காலடியில் கிடக்கும் பந்தை உதைத்து முன்னே நகர்த்துவதே அவர்கள் வேலை. எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அதற்குப் புள்ளி எதுவும் கிடையாது. கம்பத்துக்கு மேலே உதைத்துக் கோல் போட ‘முயற்சி’ செய்யும் உரிமை மட்டும் கிடைக்கும். அந்த முயற்சிதான் இன்று 5 புள்ளி தரும் ட்ரை. எதிராளியின் முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்றே உதைக்கலாம் என்ற பழைய வழக்கம் 1871இல் ரக்பி சங்கம் உருவானபோதுதான் சட்டப்படி நின்றது. சர்வதேசப் போட்டிகளில் 20 பேர் 15 ஆனது 1877இல்.

இந்த விவரம் முக்கியம். கால்பந்தில் 11 பேர் கிடைத்தால் அணி. அன்றைய ரக்பிக்கு ஒரு பக்கம் 20, இரண்டு பக்கம் 40 திடகாத்திரமான இளைஞர்கள் வேண்டும். கூப்பர்ஸ் ஹில்லில் ஒரு வகுப்புக்குச் சுமார் 50 பேர் வீதம் மூன்று வகுப்பு. காலையில் கணிதம், மதியம் நில அளவை, மாலையில் மைதானம். ஆள் தேடி எங்கும் போக வேண்டாம், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். கல்கத்தாவிலோ ஒவ்வொருவரையும் அலுவலகத்திலிருந்தும் படைமுகாமிலிருந்தும் கிளப்பிக் கொண்டுவர வேண்டும்.

கூப்பர்ஸ் ஹில் ரக்பி எவ்வளவு சீக்கிரம் தலையெடுத்தது என்பதற்கு ஒரு நாள் போதும்: 1872 பிப்ரவரி 5. லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. உலகத்தில் நடந்த இரண்டாவது சர்வதேச ரக்பி போட்டி அது. முதலாவது அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் எடின்பரோவில் நடந்து, ஸ்காட்லாந்து வென்றிருந்தது. ஓவலில் இங்கிலாந்து பழிதீர்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் 20 பேரில் ஒருவர் ஸ்டீபன் ஃபின்னி. பெயருக்கு எதிரே போடப்பட்ட அணி, ராயல் இந்தியன் எஞ்சினியரிங் காலேஜ். கல்லூரியை முறைப்படி திறந்துவைத்ததே அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். திறப்பு விழா நடப்பதற்குள் நாட்டு அணிக்கு ஆள் கொடுத்துவிட்டது!

அதே 20 பேரில் இன்னொருவர் பிரான்சிஸ் டி’அகிலர், ராயல் எஞ்சினியர்ஸ் அதிகாரி. எதிர் அணியில், ஸ்காட்லாந்துக்காக நின்றவர்களில் ஒருவர் ஹென்றி ரென்னி-டெய்லியர். அவரும் ராயல் எஞ்சினியர்ஸ். பிறந்த ஊர் இமயமலை அடிவாரத்து முசூரி. ஆக, அன்று மைதானத்தில் இந்தியாவோடு நூல்பிடித்த எஞ்சினியர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். ரென்னி-டெய்லியர் கதை தனி: ரக்பியிலும் கால்பந்திலும் ஸ்காட்லாந்துக்கு ஆடிய ஒரே மனிதர், பிற்காலத்தில் டப்ளினில் கின்னஸ் பீர் தொழிற்சாலையின் நிர்வாக இயக்குநர். ஃபின்னி படிப்பு முடித்து இந்திய ரயில்வேக்கு வந்து, உயர்பதவிகள் வகித்து, சர் பட்டம் வாங்கினார்.

சேத்தம் அதிகாரிகளை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் இரண்டு அணிகளுக்கும் நடுவே நிற்கிறார்கள். ராயல் எஞ்சினியர்ஸ் ரக்பியும் ஆடியது, கால்பந்தும் ஆடியது. ஆனால் மனம் போனது கால்பந்தின் பக்கம். அதே 1872 மார்ச் 16, அதே ஓவல் மைதானம்: முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் வாண்டரர்ஸ் அணியிடம் 1-0 என்று தோற்றார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் லெஃப்டினன்ட் கிரெஸ்வெல்லுக்குக் காரை எலும்பு முறிந்தது, அவர் வெளியே போகாமல் கடைசிவரை நின்றார். 1874இல் மறுபடி இறுதி, மறுபடி தோல்வி. 1875இல் கோப்பை. 1878இல் இன்னொரு இறுதி, அதோடு சரி. ஒவ்வொரு பருவத்திலும் நல்ல ஆட்டக்காரர்களை ராணுவம் எங்காவது தூக்கிப் போட்டது. 1872 இறுதியில் ஆடிய ஆல்ஃபிரட் குட்வின் 1873இல் இங்கிலாந்துக்குக் கால்பந்து ஆடினார், அடுத்த ஆண்டு ரூர்க்கியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சேத்தத்துக்கு வரத்தும் இருந்தது, கசிவும் இருந்தது.

வரத்து என்ற சொல்லை யோசித்தே போடுகிறேன். டெல்டாவில் ஒரு குளத்தைப் பார்த்தால், ஆழம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வரத்து எங்கிருந்து என்று கேட்போம். அணிகளையும் இப்படிக் கேட்டுப் பார்த்தால் கதை சட்டென்று விளங்கும்.

இனி கல்கத்தா. 1872 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். இங்கிலாந்துக்காரர்கள் ஒரு பக்கம் 20 பேர், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் சேர்ந்து மறுபக்கம் 20 பேர். ஆட்டம் பிடித்துப்போக, ஒரு வாரத்தில் மறுபடி ஆடினார்கள். 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது, 137 பேர் சேர்ந்தார்கள். 1874இல் லண்டன் ரக்பி சங்கத்திலும் உறுப்பினரானது. வணிகக் கம்பெனிக் குமாஸ்தாக்கள், வங்கிக்காரர்கள், அரசாங்க அதிகாரிகள், அங்கே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் ரெஜிமென்டின் ஆட்கள் எல்லோரும் கலந்த கூட்டம். ரெஜிமென்ட் இல்லையென்றால் 40 பேர் தேறுவது சந்தேகம்தான்.

கிளப்பில் உறுப்பினருக்கு மதுபானம் இலவசம். அந்த 137இல் எத்தனை பேர் பந்துக்காக வந்தார்கள், எத்தனை பேர் கோப்பைக்காக வந்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இலவசம் நின்றதும் கூட்டம் கரைந்தது என்பது மட்டும் கிளப்பின் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. ரெஜிமென்ட் இடம் மாறியது. வெயிலுக்கு டென்னிஸும் போலோவும் தோதாகப்பட்டன. 1877 முடிவில் கிளப்பில் ஆள் இல்லை, வங்கியில் பணம் மட்டும் இருந்தது.

இந்த இடத்தில் இரண்டு அணிகளின் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. கூப்பர்ஸ் ஹில்லில் ஃபின்னி போனார், அடுத்த ஆண்டு புதிதாக ஒரு வகுப்பு வந்தது. அந்த வகுப்பில் யாரும் ரக்பிக்காகச் சேரவில்லை, எஞ்சினியர் வேலைக்காகச் சேர்ந்தார்கள். ஆனால் வந்தவர்களில் 20 பேராவது ஆடுகிறவர்களாக இருந்தார்கள். அணியைக் காப்பாற்ற யாரும் தனியாகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. தேர்வும் கட்டணமும் வேலை உறுதியும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. கல்கத்தாவில் போனவருக்குப் பதில் ஆள் வர எந்த ஏற்பாடும் இல்லை. அடுத்த ரெஜிமென்டில் ரக்பி ஆடுகிறவர்கள் இருப்பார்களா என்பது அதிர்ஷ்டம். உள்ளூரிலிருந்து ஆள் சேர்ப்பது அவர்கள் மனதில் தோன்றவேயில்லை. கல்கத்தாவில் அன்று ஆயிரக்கணக்கான கல்லூரிப் பையன்கள் இருந்தார்கள். கிளப் வெள்ளைக்காரர்களுடையது. கதவைச் சாத்திவைத்துவிட்டு ஆள் இல்லை என்று சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை.

கூப்பர்ஸ் ஹில்லும் அந்த விஷயத்தில் யோக்கியம் அல்ல. இந்திய மக்கள் கட்டிய வரிப்பணத்தில் வேலை தரப்போகிற கல்லூரி, இந்தியாவிலிருந்து ஆறாயிரம் மைல் தொலைவில், இந்தியக் குடும்பம் நினைத்துப்பார்க்க முடியாத கட்டணத்தில் நடந்தது. சென்னையிலும் ரூர்க்கியிலும் இங்கேயே எஞ்சினியரிங் கல்லூரிகள் இருந்தும், மேலான பதவிகளுக்குக் கடல்தாண்டி ஆள் பிடித்தார்கள். ஆட்டக் கதைக்குள் இதை நுழைப்பானேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். அணியில் யார் இருந்தார்கள் என்பதும் யார் இருக்க முடியாது என்பதும் ஒரே கேள்விதான்.

கல்கத்தா கிளப்பின் முடிவுக்குக் காரணகர்த்தா ஜி.ஏ. ஜேம்ஸ் ராத்னி. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே; ஆள் குறைந்த சங்கங்களில் எங்கும் நடப்பதுதான். ராத்னிக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. பாரக்பூர் தோட்டங்களில் எறும்பையும் குளவியையும் பிடித்துப் பெட்டியில் குத்தி வைப்பார். பூச்சியியலில் அவருக்கு நல்ல பெயர் இருக்கிறது. காணாமல் போகப்போகிற ஒன்றைப் பத்திரப்படுத்தும் புத்தி அவருக்குப் பழக்கமானது. வங்கியில் இருந்த பணத்தைப் பங்குபோடாமல், வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, இந்தியக் கைவினைஞரிடம் கொடுத்து ஒரு கோப்பை செய்து ரக்பி சங்கத்துக்குப் பரிசளிக்கலாம் என்றார். 1877 டிசம்பரில் கடிதம் போனது, சங்கம் ஏற்றுக்கொண்டது. 270 ரூபாய் உருக்கப்பட்டது. ஒரு ரூபாய் 11.66 கிராம் என்று வைத்துக்கொண்டால் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

கோப்பை ஒன்றரை அடி உயரம். மூன்று கைப்பிடி, மூன்றும் படமெடுத்த நாகங்கள். மூடியின் மேலே ஒரு யானை. உடம்பு முழுக்க நுண்ணிய செதுக்கு வேலை. இதன் படத்தைச் சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு யானையைப் பார்க்கவில்லை, நேரே பாம்புகளுக்குப் போனார். “உடம்போட சேர்த்து வார்த்ததா, தனியா செஞ்சு பத்தவெச்சதா தம்பி?” என்றார். எனக்குத் தெரியவில்லை. ரூபாயை உருக்கிச் செய்தது என்றதும் தலையசைத்தார். “அப்படின்னா செம்பு கொஞ்சம் கலந்திருக்கும். சுத்த வெள்ளின்னா இவ்வளவு ஒல்லியா பாம்பு நிக்காது, வளைஞ்சுடும்.” அவர் சொன்னது சரி. அன்றைய ரூபாயில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி, மீதி கலப்பு. “செதுக்கினவன் கை சுத்தம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மடியில் இருந்த மெழுகு அம்மனின் விரல்களைச் சூடான கம்பியால் தொட்டுத் திருத்தப் போய்விட்டார். மெழுகைச் சுற்றி அவர்கள் பூசப்போவது காவிரி வண்டல். வார்த்ததும் மண்ணை உடைத்துவிடுவார்கள், ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

கோப்பையைக் கிளப்புகளுக்கிடையே நடக்கும் போட்டிக்கு வைக்கலாம் என்று ஒரு விருப்பம் இருந்தது. எஃப்.ஏ. கோப்பை அப்போது ஐந்தாறு வயதுப் பிள்ளை; அதைப் பார்த்து வந்த ஆசை. ரக்பி சங்கத்துக்குக் கோப்பைப் போட்டி என்றாலே கசப்பு, பணம் புகுந்துவிடும் என்ற பயம். இங்கிலாந்து-ஸ்காட்லாந்து ஆண்டுப் போட்டியில் வெல்பவருக்கு என்று முடிவுசெய்தார்கள், பெயர் கல்கத்தா கோப்பை. முதல் போட்டி 1879 மார்ச் 10, எடின்பரோ. யாரும் வெல்லவில்லை, சமநிலை. அதன் பிறகு இரண்டு உலகப்போர்க் காலங்களையும் ஓரிரு இடைவெளிகளையும் தவிர அது நிற்கவில்லை. 1988இல் ஆட்டம் முடிந்த இரவு, போதை ஏறிய ஆட்டக்காரர்கள் அதை எடின்பரோ தெருவில் பந்தாக்கி விளையாடி நசுக்கினார்கள். தட்டி நிமிர்த்தினார்கள். இப்போது அசல் வெகுவாக நலிந்துவிட்டது, ஊர்வலத்துக்கு நகல்தான் போகிறது. உற்சவருக்கும் மூலவருக்கும் இடையே உள்ள ஏற்பாடு வெள்ளைக்காரனுக்கும் புரிந்துவிட்டது.

கூப்பர்ஸ் ஹில் எப்படி முடிந்தது? அதற்கு ராத்னி போல யாரும் இல்லை, தேவையும் படவில்லை. 1885இலிருந்து இந்தியக் காட்டிலாகாவுக்கும் அங்கேயே பயிற்சி நடந்தது. ஆனால் மற்ற பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் எஞ்சினியரிங் வளர்ந்துவிட, தனிக் கல்லூரி எதற்கு, செலவுதானே என்ற பேச்சு வலுத்தது. நூற்றாண்டுத் திருப்பத்தில் பேராசிரியர்கள் சிலரைத் திடீரென்று நீக்கியது பெரிய சர்ச்சையாகி, கல்லூரியின் பெயர் மேலும் கெட்டது. வனத்துறை வகுப்பு 1905இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. 1906இல் கதவைச் சாத்தினார்கள். வரத்து வாய்க்காலையே அடைத்த பிறகு குளத்தில் என்ன இருக்கும்? ரக்பி அணியும் அன்றே போனது. வங்கிக் கணக்கு இல்லை, உருக்க ரூபாய் இல்லை. அணிக்கு உயிர் கொடுத்த அதே கல்லூரிதான் அதன் பெயரையும் கொண்டுபோனது, ஏனென்றால் அந்த அணிக்குத் தனியாக ஒரு பெயர் இருந்ததில்லை.

பழைய மாணவர்கள் சங்கம் வைத்துக் கூடினார்கள், வயதானார்கள். 1960இல் ஜே.ஜி.பி. கேமரன் கல்லூரியின் சிறு வரலாறு ஒன்றை எழுதினார். கட்டடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியானது, பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை. இங்கே, சென்னை மாகாணத்தில், அவர்கள் விட்டுப்போனவை பொதுப்பணித்துறை பங்களாக்களும் வரைபடங்களும் மதகுக் கல்வெட்டு ஆண்டுகளும். அவற்றில் எது கூப்பர்ஸ் ஹில்காரர் வேலை, எது சேத்தம்காரர் வேலை என்று பிரித்துச் சொல்ல ஆவணக்காப்பகத்தில் உட்கார வேண்டும். மேட்டூர் அணையின் திட்டத்தை 1910 வாக்கில் தீட்டிய கர்னல் எல்லிஸ் ராயல் எஞ்சினியர்ஸ்காரர். உபரிநீர்ப் போக்கிக்கு இன்றும் அவர் பெயர். அவ்வளவு வெளிச்சம் மற்றவர்களுக்கு இல்லை.

ராத்னியின் கிளப்பும் முழுக்கச் சாகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1884இல் கல்கத்தாவில் ரக்பி மறுபடி தொடங்கியது, 1890இல் உள்ளூர்ப் போட்டிக்குப் புதிதாக ஒரு கோப்பையும் வைத்தார்கள். ஆனாலும் அது ஐரோப்பியர் கிளப் ஆட்டமாகவே இருந்தது. கால்பந்து அப்படி இருக்கவில்லை. வங்காளிப் பையன்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், 1911 ஜூலை 29இல் மோகன் பகான் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கியது. பெரும்பாலோர் வெறுங்கால். வெறுங்காலோடு கால்பந்து ஆடலாம். பூட்ஸ் போட்ட எட்டுப் பேர் முட்டித்தள்ளும் கூட்டத்துக்குள் வெறுங்காலோடு போக முடியாது. ரக்பி நம் பக்கம் வேர்விடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

வேர்விட்ட இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 1879இல் கொழும்பில் வெள்ளைக்காரர் கிளப் ஆட்டமாகத்தான் ரக்பி தொடங்கியது, கல்கத்தா போலவே. ஆனால் 1891இல் கண்டியில் கிங்ஸ்வுட் கல்லூரியைத் தொடங்கிய எல்.ஈ. பிளேஸ் தன் பள்ளிப் பையன்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 1906இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதின. அதே ஆண்டுதான் கூப்பர்ஸ் ஹில் மூடியது. பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்ட ஆட்டத்துக்கு வரத்து நிற்காது. இன்றும் கண்டியிலும் கொழும்பிலும் பள்ளி ரக்பிக்குக் கூடும் கூட்டம் நம் ஊர்க் கிரிக்கெட்டுக்குச் சளைத்ததல்ல. வீரர் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களும் இருக்கும்.

இந்திய தேசிய அணி முதல் சர்வதேசப் போட்டி ஆடியது 1998இல், சிங்கப்பூருக்கு எதிராக. ஓவலில் ஃபின்னி ஆடி 126 ஆண்டு கழித்து! இப்போது பதினைந்து பேர் ஆட்டத்தைவிட ஏழு பேர் ஆட்டத்துக்கு இங்கே மவுசு. 2025இல் தொடங்கிய ரக்பி பிரிமியர் லீகின் முதல் பருவத்தைச் சென்னை புல்ஸ் வென்றது. 20, 15, 7 என்று ஆள் குறையக் குறையத்தான் நம் பக்கம் வருகிறது. கல்கத்தாவில் குடிசைப்பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்து நடக்கிற அமைப்பு ஒன்று நன்றாக வேலை செய்கிறது. ராத்னி சாத்திவைத்திருந்த கதவு அது. அங்கே ஆடும் பருவமும் மாறிவிட்டது. 1872இல் டிசம்பர்க் குளிரில் இறுகிய தரையில் ஆடினார்கள், இப்போது மழைக்காலத்தில், தரை சேறாக இருக்கும்போது ஆடுகிறார்கள். விழுந்தால் அடிபடாது.

டெல்டாவில் அதற்கும் வழியில்லை. மழைக்காலத்தில் வயல் முழுக்கச் சம்பா நிற்கும். தை அறுவடை முடிந்து தாள் மட்டும் மிச்சமிருக்கும்போதுதான் பிள்ளைகள் மட்டையும் ஸ்டம்பும் எடுத்துக்கொண்டு வயலில் இறங்குவார்கள். மாசி கழிந்தால் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும், அதில் ஒருவனைத் தூக்கிப் போட்டால் எலும்பு மிஞ்சாது. ஆளை மடக்கி விழவைக்கிற ஆட்டம் நமக்கு வேண்டாம் என்றில்லை, சடுகுடு இருக்கிறது. அதற்குக் களம் பிடிக்கும்போது மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பதமாக்கிவிடுவார்கள். 13 மீட்டருக்கு 10 மீட்டர். அரை நாள் வேலை. ரக்பி மைதானம் நம் கணக்கில் ஐந்து மா வரும். ஐந்து மா நிலத்தைப் பண்படுத்திப் போட்டுவிட்டு அதில் நடவு நடாமல் விடுகிற சம்சாரி சுவாமிமலையைச் சுற்றி இன்னும் பிறக்கவில்லை.